எதற்காக இந்த உடம்பு? சுவாமி விவேகானந்தர் வாழ்க்கை சொல்லும் பதில்

நம்ம இயக்கத்து மண்டபம் எதுக்குள்ளே போனாலும் அந்தப் படம் இருக்கும். தலைப்பாகை, நீண்ட அங்கி, மார்பில் கட்டிய கைகள், நேராகப் பார்க்கும் கண்கள். கெமாஸ் பக்கத்துத் தோட்டங்களில் வளர்ந்த நாங்கள் பலரும் அந்தப் படத்துக்கு முன்னால் உட்கார்ந்துதான் தேவார வகுப்பில் பாடினோம். தமிழ்ப்பள்ளிப் பேச்சுப் போட்டியில் அவரைப் பற்றிப் பேசிப் பரிசும் வாங்கியிருக்கிறோம். சிகாகோ சொற்பொழிவு, தன்னம்பிக்கை, இளைஞர் சக்தி என்று எல்லாம் சொல்வோம். ஆனால் கட்டியிருக்கும் அந்தக் கைகளுக்கு அவ்வளவு பலம் எங்கிருந்து வந்தது என்று யாரும் கேட்டதில்லை.

போன வருஷம் வரைக்கும் நானும் கேட்கவில்லை. எங்க அப்பாவுக்கு ரொம்ப வருஷமாக இனிப்பு நீர். காலில் வந்த புண் ஆறாமல் இரண்டு விரல்களை எடுத்துவிட்டார்கள். வீட்டுக்கு அழைத்து வந்த அன்று, கட்டிலிலிருந்து சக்கர நாற்காலிக்கு அவரைத் தூக்கி வைக்கப் போனேன். எனக்கு வயது 21, எடை 96 கிலோ. பாதியிலேயே மூச்சு வாங்கியது. மறுபடியும் கட்டிலிலேயே உட்கார வைத்துவிட்டேன். கடைசியில் அம்மாதான் ஓடி வந்து ஒரு பக்கம் பிடித்தார். அப்பா ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால்கூடப் பரவாயில்லை என்று தோன்றியது.

அதற்கு முன்னால் மூணு தடவை எடை குறைக்க ஆரம்பித்திருக்கிறேன். தீபாவளிக்கு ஒரு தடவை, அக்கா கல்யாணத்துக்கு ஒரு தடவை, சும்மா ஒரு தடவை. மூணும் ரெண்டாவது வாரத்தைத் தாண்டவில்லை. பாலம் கட்டும் பாடத்தில் எங்களுக்கு முதலில் சொல்லித் தருவது ஒன்றுதான்: எவ்வளவு பாரத்தைத் தாங்கப் போகிறது என்று தெரியாமல் தூணின் அளவைத் தீர்மானிக்கக்கூடாது. என் உடம்புக்கு நான் எந்தப் பாரத்தையும் குறித்துக் கொடுக்கவே இல்லை. அப்புறம்தான் சுவாமியின் வாழ்க்கையை இந்த ஒரே கேள்வியோடு மறுபடியும் படித்தேன். இந்த மனிதர் தன் உடம்பை எதற்காக வளர்த்தார்? அதை என்ன செய்தார்?

சிம்லா தெருவின் நரேன்

1863 ஜனவரி 12-ஆம் தேதி கல்கத்தாவில், சிம்லா என்ற பகுதியில் நரேந்திரநாத் தத்தா பிறந்தான். அப்பா விசுவநாத தத்தா உயர்நீதிமன்ற வழக்கறிஞர். அம்மா புவனேசுவரி தேவி. வசதியான வீடு. பையன் சரியான வாலு. அடங்காதபோது தலையில் தண்ணீர் ஊற்றி, காதில் சிவன் பெயரைச் சொல்லித்தான் அம்மா அவனை அடக்குவாராம்.

ஆறு வயது வாக்கில் திருவிழாவில் மண்ணால் செய்த சிவன் பொம்மை ஒன்றை வாங்கிக்கொண்டு கூட்டத்தில் வந்துகொண்டிருந்தான். கூட வந்த சின்னப் பையன் தெருவில் இறங்க, எதிரே ஒரு குதிரை வண்டி வேகமாக வந்துவிட்டது. பெரியவர்கள் கத்திக்கொண்டு நின்றார்கள். நரேன் பொம்மையை இடுக்கிக்கொண்டு பாய்ந்து, குதிரையின் காலடியிலிருந்து அவனை இழுத்துப் போட்டான். இதை முதலில் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. அவருடைய வாழ்க்கையில் உடல் பலம் பெரும்பாலும் இப்படித்தான், இன்னொருவருக்காகத்தான் வெளியே வருகிறது.

கொஞ்சம் வளர்ந்ததும் பக்கத்தில் நவகோபால் மித்ரா நடத்திய உடற்பயிற்சிக் கூடத்தில் சேர்ந்தான். மல்யுத்தம், கம்பு வீச்சு, வாள் பயிற்சி, படகு வலித்தல், நீச்சல் என்று எதையும் விடவில்லை. குத்துச்சண்டைப் போட்டியில் முதல் பரிசாக வெள்ளியில் செய்த வண்ணத்துப்பூச்சி ஒன்றை வாங்கினான். அதே பையன்தான் சங்கீதம் கற்றான், புத்தகங்களைக் கரைத்துக் குடித்தான். படிக்கிற பிள்ளைக்குத் திடல் எதற்கு என்று நம்ம ஊரில் கேட்பார்கள் இல்லையா, அந்தக் கேள்வி அவன் வீட்டில் எழவில்லை.

அந்தக் கூடத்தில் ஒருநாள் தொங்கு கம்பம் நடுவதற்காகப் பையன்கள் கனமான மரச்சட்டத்தைத் தூக்கிக்கொண்டிருந்தார்கள். வேடிக்கை பார்த்த கூட்டத்தில் ஓர் ஆங்கிலேய மாலுமி இருந்தார். நரேன் அவரை உதவிக்குக் கூப்பிட, அவரும் வந்து கை கொடுத்தார். தூக்கும்போது சட்டம் சரிந்து அவர் தலையில் அடித்துவிட்டது. ரத்தம் கொட்ட, நினைவில்லாமல் விழுந்தார். செத்துப்போனார் என்று நினைத்து எல்லோரும் ஓடிவிட்டார்கள். நரேனும் ஓரிரு நண்பர்களும் மட்டும் ஓடவில்லை. தன் வேட்டியைக் கிழித்துக் காயத்தில் கட்டி, முகத்தில் தண்ணீர் தெளித்து, பக்கத்துப் பள்ளிக்கூடத்துக்குத் தூக்கிப் போனார்கள். வைத்தியரை வரவழைத்து, ஒரு வாரம் பக்கத்திலிருந்து பார்த்து, குணமானதும் தங்களுக்குள் காசு திரட்டிக் கொடுத்து அனுப்பினார்கள்.

பட்டினியும் நடையும்

1881-இல் அவர் ஸ்ரீ ராமகிருஷ்ணரைச் சந்தித்தார். 1884 பிப்ரவரியில் அப்பா திடீரென்று இறந்தார். அதன் பிறகுதான் வீட்டின் கடன் தெரிய வந்தது. பட்டம் படித்த பிள்ளை, செருப்பில்லாத காலோடு அலுவலகம் அலுவலகமாக வேலை தேடி நடந்தார். வீட்டில் எல்லோருக்கும் போதுமான சோறு இல்லாத நாட்களில், வெளியே விருந்துக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள் என்று அம்மாவிடம் பொய் சொல்லிவிட்டுப் போய்விடுவார். மல்யுத்தம் பழகிய உடம்பு அப்போது பட்டினியைப் பழகியது. தன் பங்கு தம்பி தங்கைக்குப் போகட்டும் என்பதுதான் கணக்கு.

1886 ஆகஸ்ட் 16-இல் ராமகிருஷ்ணர் மறைந்தார். நரேனும் மற்றச் சீடர்களும் வராக நகரில் ஒரு பாழடைந்த வீட்டில் மடம் தொடங்கினார்கள். சோறு கிடைத்தால் உப்பு இருக்காது. பல நாள் வெறும் சோற்றோடு அவித்த கோவை இலைதான். ஆளுக்கொரு கோவணம். வெளியே போவதற்கு என்று ஒரு நல்ல துணி, அதை யார் வெளியே போகிறாரோ அவர் உடுத்திக்கொள்வார்.

பிறகு அவர் இந்தியா முழுவதும் அலைந்தார். நடைதான் பெரும்பாலும். யாராவது டிக்கெட் எடுத்துக் கொடுத்தால் ரயில். அரண்மனையிலும் படுத்தார், மரத்தடியிலும் படுத்தார். 1890-இல் ரிஷிகேசத்தில் காய்ச்சல் வந்து சாகும் நிலைக்குப் போய்த் திரும்பினார். அந்த நடையில்தான் கிராமத்து ஏழைகளின் வயிற்றையும் எலும்பையும் கிட்டத்தில் பார்த்தார்.

1892 டிசம்பரில் கன்னியாகுமரிக்கு வந்து சேர்ந்தார். கரைக்கு எதிரே கடலில் பாறை. படகுக்குக் கொடுக்கக் காசில்லை. அலையில் குதித்து நீந்திப் போனார். சின்ன வயசில் விளையாட்டாகக் கற்ற நீச்சல் அங்கே வேலைக்கு வந்தது. அந்தப் பாறையில் உட்கார்ந்து தியானம் செய்தபோது அவர் நினைத்தது தன் முக்தியை அல்ல. நாட்டு மக்களின் பசியையும் அறியாமையையும்தான். மேலைநாட்டுக்குப் போய் வேதாந்தத்தைச் சொல்லி, இந்த மக்களை உயர்த்த உதவி தேடலாம் என்ற எண்ணம் அங்கே உறுதியானது. அவர் உடம்புக்கு ஒரு பாரம் குறிக்கப்பட்டது என்றால், அது அந்தப் பாறையில்தான் என்று எனக்குத் தோன்றுகிறது.

நம்ம கரையைத் தாண்டிப் போன கப்பல்

வழிச்செலவுக்குச் சென்னையில் அளசிங்கப் பெருமாள் என்ற பள்ளி ஆசிரியர் தன் நண்பர்களோடு வீடு வீடாகப் போய்ப் பணம் திரட்டினார். 1893 மே 31-ஆம் தேதி பம்பாயில் கப்பல் கிளம்பியது. கொழும்பு தாண்டி, பினாங்கில் நின்றது. அடுத்து சிங்கப்பூர். அங்கே தாவரவியல் தோட்டத்தின் பனை வகைகளைப் பார்த்து ரசித்தார். நம்ம தாத்தா பாட்டிகளைத் தோட்ட வேலைக்கு ஏற்றி வந்த கப்பல்களும் அதே கடலில்தான் வந்தன. அவர் படத்தை அந்நியமாக நினைக்க வேண்டியதில்லை. ஒரு காலத்தில் அவர் நம்ம கரையைக் கண்ணால் பார்த்துக்கொண்டு போனவர்.

ஹாங்காங், ஜப்பான், அப்புறம் பசிபிக் கடல். மெல்லிய துணியோடு குளிரில் நடுங்கி வான்கூவரில் இறங்கி, சிகாகோ போய்ச் சேர்ந்தார். சர்வ சமய மாநாட்டுக்கு ஆறு வாரம் இருந்தது. கையில் அறிமுகக் கடிதமும் இல்லை, போதிய பணமும் இல்லை. பாஸ்டன் பக்கம் போய்க் கடிதம் வாங்கித் திரும்பியபோது, போக வேண்டிய இடத்தின் முகவரியைத் தொலைத்துவிட்டார். இரவாகிவிட்டது. ரயில்வே சரக்கு யார்டில் கிடந்த ஒரு காலிப் பெட்டிக்குள் படுத்துத் தூங்கினார்.

நான் ரயில் சந்திப்பு ஊர்க்காரன். கெமாஸில் மேற்குக் கரைப் பாதையும் கிழக்குக் கரைப் பாதையும் சேர்கிற இடத்தில் சரக்குப் பெட்டிகள் வரிசையாக நிற்பதைப் பார்த்தே வளர்ந்தவன். நமக்கு இந்த ஊர் வெயிலே பழக்கம். அந்நிய நாட்டுக் குளிரில், பசியோடு, அப்படி ஒரு பெட்டிக்குள் படுத்து எழுந்து, மறுநாள் வீடு வீடாகக் கதவைத் தட்டி, விரட்டப்பட்டு, கடைசியில் ஒரு நல்ல அம்மையார் உதவியோடு மாநாட்டுக்குப் போய்ச் சேருவது என்றால், அதற்கு மன உறுதி மட்டும் போதாது. உடம்பும் கூட நிற்க வேண்டும். 1893 செப்டம்பர் 11-ஆம் தேதி மேடையில் நின்ற அந்தக் குரலுக்குப் பின்னால் உடற்பயிற்சிக் கூடமும், பட்டினியும், ஆயிரக்கணக்கான மைல் நடையும் இருந்தன.

திடலுக்குப் போகச் சொன்ன துறவி

1897 ஜனவரி 15-இல் கொழும்பில் இறங்கி, பாம்பன், ராமநாதபுரம், மதுரை வழியாகச் சென்னை வந்தார். ராமநாதபுரம் மன்னர் பாஸ்கர சேதுபதி உட்பட ஊர் ஊராக வரவேற்பு. சென்னைக் கூட்டங்களில் இளைஞர்களுக்கு அவர் சொன்னது பலருக்கு அதிர்ச்சியாக இருந்திருக்கும். நம்முடைய துன்பங்களில் குறைந்தது மூன்றில் ஒரு பங்குக்கு உடல் பலவீனமே காரணம் என்றார். கீதையைக் கையில் எடுப்பதற்கு முன்னால் காற்பந்து விளையாடுங்கள் என்ற பொருளில் பேசினார். அது கீதையைக் குறைத்துச் சொன்ன பேச்சு இல்லை. போர்க்களத்தில் நிற்பவனுக்குச் சொன்ன நூல் அது. நிற்கவே முடியாதவனுக்கு அது எப்படிப் புரியும் என்பதுதான் அவர் கேள்வி.

அவர் பலத்தைக் கண்ணாடிக்காகக் கேட்கவில்லை. அந்த ஆண்டு மே முதல் தேதி ராமகிருஷ்ண மிஷனைத் தொடங்கினார். 1898-இல் கல்கத்தாவில் பிளேக் நோய் பரவும் பயம் வந்தபோது, நிவாரண வேலைக்குப் பணம் இல்லாவிட்டால் புதிதாக வாங்கிய பேலூர் மடத்து நிலத்தையே விற்றுவிடலாம் என்று துணிந்தார். அடுத்த ஆண்டு சகோதரி நிவேதிதாவும் சுவாமி சதானந்தரும் சேரித் தெருக்களைச் சுத்தம் செய்யும் வேலையை முன்னின்று நடத்தினார்கள். நோயாளியைத் தூக்க, சாக்கடையை அள்ள, மைல் கணக்கில் நடக்க ஆள் வேண்டும். அதற்குத்தான் அவர் பலசாலிகளைக் கேட்டார்.

சொல்லாமல் விடும் பகுதி

பேச்சுப் போட்டியில் இதோடு நிறுத்திவிடுவோம். ஆனால் என்னை மாற்றியது இதற்கு அடுத்த பகுதி.

1897-இல் வெற்றியோடு நாடு திரும்பிய அதே ஆண்டில் அவருக்கு நீரிழிவு இருப்பது தெரிந்தது. வயது 34. நம்ம வீட்டுப் பெரியவர்களுக்கு வருகிற அதே இனிப்பு நீர். மருத்துவர்கள் ஓய்வெடுக்கச் சொல்லி, டார்ஜிலிங் மலைக்குப் போனார். அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் ஊர் ஊராக ஓடி, நேரத்துக்குத் தூக்கமில்லாமல், கிடைத்ததைச் சாப்பிட்டு வாழ்ந்த ஆண்டுகள் உடம்பில் கணக்கு எழுதியிருந்தன. அவரும் மனிதர்தான். மிளகாய்க் காரம் பிடிக்கும், ஐஸ்கிரீம் பிடிக்கும், புகையிலைப் பழக்கமும் இருந்தது. படங்களை வரிசையாக வைத்துப் பாருங்கள். 1893 சிகாகோ படத்தில் கட்டுமஸ்தான உடம்பு. 1901 ஷில்லாங் படத்தில் நோயின் களைப்பு நன்றாகவே தெரியும்.

1898-இல் அமர்நாத் குகைக்கு ஏறினார். பனிலிங்கத்தின் முன்னால் கோவணத்தோடு நின்று வணங்கினார். அதன் பிறகு அவர் இதயம் பெரிதாகிவிட்டது என்று மருத்துவர் சொன்னார். அப்படியும் நிற்கவில்லை. 1899-இல் மறுபடியும் மேலைநாடு. 1900 டிசம்பரில் ஓர் இரவு சொல்லாமல் பேலூர் திரும்பினார். உள்ளே சாப்பாட்டு மணி அடித்துவிட்டது. சாவி வரும்வரை காத்திருந்தால் சாப்பாடு முடிந்துவிடும் என்று மதில் வாசலில் ஏறிக் குதித்து உள்ளே போய் உட்கார்ந்தார். சிம்லா தெருவின் வாலுப் பையன் இன்னும் உள்ளே இருந்தான், உடம்புதான் ஒத்துழைக்கவில்லை.

1901-இல் உடம்பில் நீர் கோத்து வீக்கம் வந்தது. ஆயுர்வேத வைத்தியர் கடுமையான பத்தியம் சொன்னார். உப்பு கிடையாது, தண்ணீர் கிடையாது, பால்தான் ஆகாரம். அதுவும் வெயில் காலம். அடிக்கடி தண்ணீர் குடிக்கும் பழக்கமுள்ளவர், 21 நாள் ஒரு சொட்டுத் தண்ணீர் குடிக்கவில்லை. வாய் கொப்பளித்தாலும் தொண்டைக்குள் இறங்க விடவில்லை. அந்த நாட்களில் படுத்துப் புலம்பாமல் கலைக்களஞ்சியத்தைத் தொகுதி தொகுதியாகப் படித்துக்கொண்டிருந்தார். இந்தப் பத்தியத்தை நாம் யாரும் செய்து பார்க்கக்கூடாது, ஆபத்து. அது அந்தக் காலத்து வைத்தியம். நான் பார்த்தது அந்த மன அடக்கத்தை. எடுத்த வேலை பாக்கி இருக்கிறது, அதை முடிக்க உடம்பு வேண்டும் என்று தெரிந்தபோது நாக்கு அவர் சொன்னபடி கேட்டது.

வீக்கம் வடிந்தது. ஆனால் காலம் கடந்துவிட்டிருந்தது. 1902 ஜூலை 4-ஆம் தேதி. காலையில் நீண்ட நேரம் தியானம் செய்தார். மதியம் சுமார் மூன்று மணி நேரம் சமஸ்கிருத இலக்கண வகுப்பு எடுத்தார். மாலையில் பிரேமானந்தருடன் கிட்டத்தட்ட இரண்டு மைல் நடந்துவிட்டு வந்தார். இரவு ஒன்பது மணி தாண்டியதும் அமைதியாக உயிர் பிரிந்தது. வயது 39. அவர் அம்மா அப்போது உயிரோடு இருந்தார்.

நமக்கு இருக்கும் 20 ஆண்டுகள்

39 வயதில் போனதை நாம் பெருமையாகப் பேசுகிறோம். எனக்கு அது பெருமையாகப் படவில்லை, இழப்பாகத்தான் படுகிறது. இன்னும் 20 வருஷம் இருந்திருந்தால் என்னென்ன செய்திருப்பார்? நீரிழிவு நோயாளிக்கு முதன்முதலில் இன்சுலின் ஊசி போடப்பட்டது 1922-இல். அவருக்கு 20 வருஷம் தாமதம். நமக்கு அந்தத் தாமதம் இல்லை. பக்கத்துச் சுகாதார கிளினிக்கில் விரலில் ஒரு குத்து, சில விநாடியில் அளவு தெரியும். ஆனால் நாம் போவதில்லை. 2019 தேசிய சுகாதார ஆய்வில் மலேசியாவில் வளர்ந்தவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு. இனவாரியாகப் பார்த்தால் இந்தியர்களிடம்தான் அதிகம். ஒரு காலத்தில் விடியற்காலையில் எழுந்து பால்மரம் வெட்டி, வாளி தூக்கி மேடு பள்ளம் ஏறி இறங்கிய உடம்பு நம்ம தாத்தா பாட்டியுடையது. வேலை மாறிவிட்டது. மலைபோலக் குவித்த சோறும், இனிப்பான தே தாரேக்கும் மட்டும் மாறவில்லை.

அவர் வாழ்க்கையிலிருந்து நான் ரெண்டு விஷயம் எடுத்துக்கொண்டேன். ஒன்று, உடம்பு எதற்கு என்று முதலில் முடிவு செய்வது. அழகுக்காக ஆரம்பித்ததை நான் ரெண்டு வாரத்தில் விட்டேன். அப்பாவைத் தூக்க வேண்டும் என்று ஆரம்பித்ததை எட்டு மாதமாக விடவில்லை. இன்னொன்று, வேலை பெரிது என்றால் அதைச் செய்யும் கருவியையும் காப்பாற்றியாக வேண்டும் என்பது. இதை அவர் பின்னால்தான் செய்தார். நாம் முன்னாலேயே செய்யலாம்.

பெரிதாக ஒன்றும் செய்யவில்லை. சாயங்காலம் திடலைச் சுற்றி நடை, இப்போது மெதுவோட்டம். வீட்டிலேயே தண்டால், பஸ்கி. இனிப்புத் தண்ணீரை நிறுத்தினேன், சோற்றைப் பாதியாக்கினேன், காய்கறியைக் கூட்டினேன். விடுமுறையில் ஊருக்கு வந்தால் சின்னப் பசங்களோடு காற்பந்து. 96 கிலோ இப்போது 84. போன வாரம் அப்பாவைக் கட்டிலிலிருந்து நாற்காலிக்கு நான் ஒருவனே தூக்கி வைத்தேன். அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டு மறுபடியும் உள்ளே போய்விட்டார். அப்பா மட்டும், இந்த வாரம் கிளினிக் போகிற நாளில் நீயே வந்துவிடு என்றார்.

ஜனவரி 12 வரும்போது வழக்கம்போல நம்ம கிளைகளில் படத்துக்கு மாலை போடுவோம், பேசுவோம். இந்தத் தடவை அன்று காலையில் ஒரு மணி நேரம் முன்னாலேயே திடலுக்கு வாங்க. வரும்போது ஒரு பதிலோடு வாங்க: நீங்கள் யாரைத் தூக்கப் போகிறீர்கள், எந்த வேலைக்குத் தோள் கொடுக்கப் போகிறீர்கள்? பதில் சின்னதாக இருந்தாலும் போதும். ஓடி முடித்து, குளித்துவிட்டு, அப்புறம் போய் மாலை போடலாம்.